மாக்ஸ் எர்ன்ஸ்டின் "ராணியோடு ஆடும் ராஜா": 1944-ஆ, 1954-ஆ? வார்ப்பு, நிறம், பராமரிப்பு

பொன்னி எழுதியது:

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் (மோமா) இருக்கும் மாக்ஸ் எர்ன்ஸ்ட் வெண்கலம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொம்பு வைத்த ராஜா சதுரங்கப் பலகையிலிருந்தே இடுப்பளவு உடம்போடு எழுந்து நிற்கிறான். ஒரு கை நீண்டு ராணிக் காயை வளைக்கிறது. மறு கை ஒரு காயைப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறது. உயரம் 97.8 செ.மீ., அடிப்பகுதி 47.7 × 52.1 செ.மீ. டொமினிக், ஜான் தெ மெனில் தம்பதி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது.

குறிப்பட்டையில் "1944 (வார்ப்பு 1954)" என்று இரண்டு ஆண்டு போட்டிருக்கிறார்கள். இதில் எதை மூலம் என்று எடுத்துக்கொள்வது? பத்து வருடம் கழித்து வார்த்தால் சிற்பியின் கை அதில் எவ்வளவு இருக்கும்? இதே சிற்பம் பாசெலில் பெய்லர் அறக்கட்டளையிலும் டாலஸில் நாஷர் சிற்ப மையத்திலும் இருக்கிறது. அவை பிரதிகளா, அசல்களா? உலோக வேலை தெரிந்தவர்கள் வார்ப்பு முறையையும் கொஞ்சம் விரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

நிழல்வெளி எழுதியது:

1944 என்பது பிளாஸ்டர் செய்த ஆண்டு. அந்தக் கோடையில் எர்ன்ஸ்டும் ஓவியர் டொரோதியா டானிங்கும் கலைக்கூட உரிமையாளர் ஜூலியன் லெவியோடு லாங் ஐலண்டில் கிரேட் ரிவர் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டு கார் கொட்டகைதான் பட்டறை. சமையலறைப் பாத்திரம், கருவிகள் என்று கையில் கிடைத்த வீட்டுச் சாமான்களை அச்சாக வைத்துப் பிளாஸ்டர் ஊற்றி, வந்த உருண்டை, கூம்பு, தட்டு, வளையம் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி உருவம் ஆக்கினார். இந்த வேலையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். "பதற்றமான நண்பன்", "மேசை தயார்" எல்லாம் அதே 1944-இல், அதே முறையில் வந்தவை. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே தட்டு வடிவம் ஒன்றில் முகமாகவும் இன்னொன்றில் பீடமாகவும் வருகிற சாத்தியம் கண்ணுக்குப் பிடிபடும்.

எர்ன்ஸ்ட் அதற்கு முன் சிற்பமே செய்யாதவர் இல்லை. 1934 கோடையில் சுவிட்சர்லாந்தில் மலோயாவில் சிற்பி ஜாகொமெட்டியோடு தங்கியபோது பனியாறு உருட்டிக்கொண்டுவந்த கருங்கற்களை எடுத்து, மேலே லேசாகச் செதுக்கியும் வண்ணம் தீட்டியும் செய்திருக்கிறார். கிடைத்த பொருளின் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் அதன் மேல் வேலை செய்வதுதான் அவர் வழி. 1925-இல் மரத் தரையின் ரேகைகள் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தாரே, அதே மனப்போக்கு இங்கே முப்பரிமாணத்தில் வந்திருக்கிறது.

சதுரங்கம் ஏன் என்றால், அதே ஆண்டு டிசம்பரில் லெவி தன் கலைக்கூடத்தில் "சதுரங்கத்தின் படிமங்கள்" என்ற கண்காட்சியைத் திறந்தார். கலைஞர் மார்செல் துஷான் அதில் முக்கியப் பங்காளி. மான் ரே, கால்டர், நொகூச்சி, இவ் தாங்கி என்று பல கலைஞர்கள் காய்களோ பலகையோ படமோ கொடுத்தார்கள். லெவியே முட்டை ஓட்டுக்குள் பிளாஸ்டர் ஊற்றிக் காய்கள் செய்தார். எர்ன்ஸ்ட் மரத்தில் ஒரு முழுச் சதுரங்கத் தொகுதி செய்தார். அந்தக் காய்களின் கூம்புத் தோள்களையும் இந்த ராணியையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பம் என்று தெரியும்.

---

வார்ப்புக்காரர் எழுதியது:

வரலாற்றை நிழல்வெளி சொல்லிவிட்டார். உலோகப் பக்கத்தை நான் சொல்கிறேன். பொன்னி, முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த மாதிரிச் சிற்பத்தில் பிளாஸ்டர் என்பது "மாதிரி". வெண்கலம் அதிலிருந்து அச்சு எடுத்து வார்ப்பது. மாதிரி உடையாமல் பத்திரமாக இருந்தால் பத்து வருடம் கழித்தும் அதே விவரத்தோடு வார்க்கலாம். பிளாஸ்டர் ஈரம் படாத வரை சுருங்காது, வளையாது. மண்ணும் மரமும் இந்தப் பத்து வருடத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

வழி இரண்டு: மெழுகு வழி, மணல் வழி.

மெழுகு வழியில் பிளாஸ்டருக்கு முதலில் ஷெல்லாக் (அரக்குக் கரைசல்) இரண்டு மூன்று பூச்சு அடித்து, துளைகளை அடைத்து, சோப்புக் கரைசலோ வாசலினோ தடவ வேண்டும். இதில் ஒரு சதுர அங்குலம் விட்டுப்போனாலும் அச்சு அங்கே ஒட்டிக்கொண்டு மாதிரியின் தோலைப் பிய்த்துவிடும். பிறகு அச்சு. இந்த ராஜாவில் சிக்கல் எங்கே என்று பாருங்கள்: கை வளைந்து ராணியைச் சுற்றும் இடம், பின்னால் மறைக்கும் கைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இரண்டு கொம்புக்கும் நடு. இங்கெல்லாம் ஒரே அச்சு போட்டால் கழற்றவே முடியாது. 1950-களில் இதற்கு இரண்டு தீர்வு இருந்தது. ஒன்று, கெட்டியான பிளாஸ்டர் துண்டு அச்சு: பல துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் கழலும், எல்லாவற்றையும் வெளியே ஒரு தாய் அச்சு பிடித்திருக்கும். இரண்டாவது, ஜெலட்டின் அச்சு. அது வளையும் என்பதால் துண்டு குறைவு. ஆனால் தண்ணீர் ஆவியாக ஆவியாக ஜெலட்டின் சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். சில மெழுகுப் பிரதிகளோடு அதன் ஆயுள் முடிந்தது. சிலிக்கோன் ரப்பர் சிற்பப் பட்டறைகளில் பரவியது பின்னால்தான்.

அச்சுக்குள் மெழுகை முதலில் தூரிகையால் மெல்லிய ஒரு பூச்சு பூச வேண்டும். விவரத்தைப் பிடிப்பது இந்தப் பூச்சுதான். பிறகு மெழுகை ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்து, மொத்தம் 4–6 மி.மீ. கனம் ஏற்ற வேண்டும். அதுவே நாளை வெண்கலத்தின் சுவர்க் கனம். 3 மி.மீ.க்குக் கீழே போனால் உலோகம் முழுவதும் ஓடிச் சேருமுன் உறைந்து ஓட்டை விழும். 10 மி.மீ. ஆனால் கடைசியில் உறையும் நடுப்பகுதி உள்ளிழுத்துக் குழி விழும். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது முக்கியம். கை உடம்போடு சேரும் மூலையில் மெழுகு தானாகத் தேங்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் குழி அங்கேதான் வரும்.

மெழுகு வெளியே வந்தபின் துண்டுக் கோடுகளைச் சீவி, குமிழிகளை அடைக்க வேண்டும். பொன்னி கேட்டீர்களே "சிற்பியின் கை" என்று: பிளாஸ்டருக்குப் பிறகு சிற்பி உண்மையாகத் தலையிடக்கூடிய கட்டம் இதுதான். அடுத்து உலோகம் இறங்கும் குழாய்கள், காற்று வெளியேறும் குழாய்கள் எல்லாம் மெழுகிலேயே பொருத்தப்படும். உள்ளே வெற்றிடமாக நிற்க வேண்டிய நடுப்பகுதியை அடைக்கும் கரு ஊற்ற வேண்டும்: பிளாஸ்டரும் செங்கல் தூளும் கலந்தது. மெழுகு உருகிப்போன பிறகு கரு அந்தரத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக மெழுகுச் சுவரைத் துளைத்து ஆணிகள் அடித்திருப்பார்கள். வெளியே புறக்கூடும் அதே கலவைதான். பிறகு சூளையில் மெதுவாக ஏற்றி, 550–700 டிகிரி செல்சியஸில் பிடித்து, மெழுகும் ஈரமும் முழுக்கப் போகும்வரை நாள்கணக்கில் சுட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் உலோகம் பட்டவுடன் ஆவியாகிப் பீறிடும், மேற்பரப்பு சல்லடையாகும். 750-ஐத் தாண்டினால் பிளாஸ்டரே பொடியாகும், கூடு வெடிக்கும். மூசையில் உலோகம் 1,100 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஊற்றுவார்கள்.

மணல் வழியில் மெழுகே கிடையாது. களிமண் பிடிப்புள்ள நுண்மணலை மாதிரியைச் சுற்றித் துண்டு துண்டாக இடித்து அச்சு கட்டி, மாதிரியை எடுத்துவிட்டு, அதே மணலில் கரு செய்து, அதன் மேலிருந்து 5 மி.மீ. சுரண்டிவிட்டு உள்ளே தொங்கவிடுவார்கள். அந்த 5 மி.மீ. இடைவெளியில் வெண்கலம் ஓடும். தட்டையான, எளிய வடிவங்களுக்கு இது மலிவு, வேகம். இந்தப் பலகை மாதிரி ஒரு பாகத்துக்கு இது பொருத்தம். கை, ராணி பகுதிக்கு மெழுகு வழி வசதி. ஒரே சிற்பத்தில் இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு.

---

சதுரங்கன் எழுதியது:

உலோகத்துக்கு நடுவில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சிற்பத்தின் நுணுக்கம் ராஜா ஒரே சமயத்தில் காயாகவும் ஆட்டக்காரனாகவும் இருப்பதில்தான். பலகைக்கு எதிரே நாற்காலியில் யாரும் இல்லை. பலகையிலிருந்தே முளைத்தவன் காய்களை நகர்த்துகிறான். ஆட்ட விதிப்படி ராஜா ஒரு நடையில் ஒரு கட்டம்தான் போகலாம், ராணி எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகலாம். பலகையின் வலுவான காய் ராணி. இங்கே அளவு தலைகீழ்: ராணி சிறு கூம்பு, ராஜா அவளுக்கு மேல் எழுந்த எருமைத் தலை. அந்தக் கை அணைக்கிறதா, காவல் காக்கிறதா, பிடித்து நிறுத்துகிறதா என்று ஒரு கோணத்திலிருந்து முடிவு செய்ய முடியாதபடி விரல்கள் அமைந்திருக்கின்றன.

மறு கை மறைத்திருக்கும் காயை முன்னாலிருந்து பார்ப்பவர் காண முடியாது. அதாவது எதிராளியின் இடத்தில் நிற்பவருக்கு முழு நிலையும் தெரியாது. சதுரங்கம் எல்லாத் தகவலும் திறந்து கிடக்கும் ஆட்டம். அதில் ஒளிவுக்கே இடமில்லை. ஒளிப்பதைச் சேர்த்ததும் அது வேறு ஆட்டமாகிவிடுகிறது.

அந்தக் கண்காட்சியையொட்டி 1945 ஜனவரியில் சதுரங்க வல்லுநர் கொல்டனோவ்ஸ்கி கண்ணைக் கட்டிக்கொண்டு பலரோடு ஒரே நேரத்தில் ஆடினார். நடைகளைச் சொல்லிக்கொடுத்தவர் துஷான். ஆடியவர்களில் எர்ன்ஸ்டும் டானிங்கும் மோமாவின் ஆல்ஃபிரட் பாரும் உண்டு. பலகையைப் பார்க்காமல் ஆடுபவனும் காயை ஒளித்து ஆடும் ராஜாவும் ஒரே குளிர்காலத்தில், ஒரே கூடத்தில் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

---

பொன்னி எழுதியது:

மிக்க நன்றி. வார்ப்புக்காரர் சார், இரண்டு சந்தேகம். சுவாமிமலையில் செய்வதும் மெழுகு வழிதானே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 97.8 செ.மீ. சிற்பம் எவ்வளவு கனம் வரும் என்று கணக்குப் போட முடியுமா? உங்கள் குறிப்பில் பலகை தனி, உடம்பு தனி என்பதுபோல் படுகிறது. ஒரே வார்ப்பு இல்லையா?

---

வார்ப்புக்காரர் எழுதியது:

பொன்னி, சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகிலேயே உருவத்தைச் செய்கிறார். அந்த மெழுகு உருகிப்போகும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பெரும்பாலும் கன வார்ப்பு, உள்ளே கரு கிடையாது. இங்கே மெழுகு என்பது இடைநிலைப் பிரதி. மூலம் பிளாஸ்டராகப் பத்திரமாக இருக்கிறது, மெழுகு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். வார்ப்பும் பொள்ளல், அதாவது உள்ளே வெற்று. "அசல் எத்தனை" என்ற கேள்வியே இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

எடைக் கணக்கைப் பலகையின் மேல்தட்டை மட்டும் வைத்துக் காட்டுகிறேன். 47.7 × 52.1 செ.மீ. என்பது கிட்டத்தட்ட கால் சதுர மீட்டர். 5 மி.மீ. கனத்தில், வெண்கலத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.8 கிராம் என்று எடுத்தால், 11 கிலோ. அதே தட்டை 5 செ.மீ. கனமாக ஊற்றினால் 110 கிலோ. பொள்ளல் ஏன் கட்டாயம் என்பது இதிலேயே புரியும். செலவும் தூக்கும் சிரமமும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவ்வளவு கனத்த உலோகம் உறையும்போது உள்ளே பெரிய சுருக்கக் குழி விழும், தட்டு நடுவில் அமுங்கும். பட்டறையில் எடைக்கு ஒரு சுலப வழி உண்டு: குழாய்களோடு சேர்த்து மெழுகை நிறுத்து, பத்தால் பெருக்கு, அவ்வளவு உலோகத்தை உருக்கு. மெழுகைவிட வெண்கலம் ஒன்பது மடங்குக்குச் சற்று மேல் கனம். மிச்சம் ஊற்றுவாயில் நிற்பதற்கு.

ஒரே வார்ப்பா என்றால், இந்த அமைப்புக்குப் பாகம் பாகமாக வார்த்துச் சேர்ப்பதுதான் அறிவான வழி. ஏன் என்று பாகத்தோடு சொல்கிறேன்.

பலகை: பெரிய தட்டையான பரப்பைப் படுக்கவைத்து ஊற்றினால் உலோகம் இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் சந்திக்கும்போது முகம் குளிர்ந்திருக்கும், சரியாக ஒட்டாமல் மெல்லிய கோடு விழும். காற்றும் மேல்முகத்தில் சிக்கும். அதனால் சரித்தோ நிமிர்த்தியோ வைத்துக் கீழிருந்து நிரப்புவார்கள். உறையும்போது தட்டு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அடியில் விலா மாதிரிக் கட்டைகள் வைப்பது வழக்கம். முறுக்கிக்கொண்டால் மேலே நிற்கும் ராஜா சாய்வான். காய்கள் பொருந்தும் இடங்கள் மாறிப்போகும்.

கொம்பு: நுனி மெல்லியது, கடைசியாக உலோகம் போய்ச்சேரும் இடம். தலையை நிமிர்த்தி வைத்து ஊற்றினால் இரண்டு நுனியிலும் தனித்தனிக் காற்றுக்குழாய் வேண்டும். ஒன்று அடைத்தாலும் அந்தக் கொம்பு மொட்டையாகும். தலைகீழாக வைத்தால் சூடான உலோகம் முதலில் கொம்பில் இறங்கும், நிரம்புவது நிச்சயம். ஆனால் கருவின் முழு எடையும் ஆணிகளில் தொங்கும். ஆணி இளகிக் கரு நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் 2 மி.மீ., மறு பக்கம் 8 மி.மீ. நுனிப் பகுதியை மட்டும் கருவில்லாமல் கனமாக விட்டுவிடுவது பத்திரம்.

கை: நீண்டது, உடம்போடு சேரும் இடத்தில் கனம் மாறுகிறது. கனமான தோள் மெதுவாக உறையும், மெல்லிய முன்கை சீக்கிரம் உறைந்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் சூட்டிலேயே விரிசல். இதைத் தவிர்க்கக் கையைத் தனியாக வார்த்துத் தோளில் செருகி, ஊசி வைத்து இறுக்கி, இணைப்பைச் சுத்தியால் அடித்துச் சேர்த்து, உளியால் மறைப்பார்கள். மேற்பரப்பு எர்ன்ஸ்டுடையது போல ஏற்கெனவே துண்டுகள் சேர்ந்ததாக இருந்தால் பட்டறைக்கு ஒரு வசதி: பிளாஸ்டரிலேயே சேர்ப்பு இருந்த இடத்தில் உலோகச் சேர்ப்பையும் வைத்துவிடலாம், புதிதாக ஒரு கோடு விழாது.

வார்த்தெடுத்த பின் ஆணித் துளைகள் இருக்கும். நல்ல பட்டறை ஆணியைப் பிடுங்கி, துளைக்கு மரை போட்டு, அதே கலவை வெண்கலத் திருகை முறுக்கி அறுத்து அடித்து மூடும். இரும்பாணியை உள்ளேயே விட்டால் சில வருடத்தில் துருக் கசிந்து பழுப்புப் பொட்டு வெளியே தெரியும்.

---

கலையரசி எழுதியது:

பராமரிப்புப் பக்கம் யாரும் தொடவில்லை. என் துறை அது.

முதலில் நிறம். பலர் பழுப்பு, பச்சை நிறத்தைப் "பழசானதால் வந்தது" என்று எழுதுகிறார்கள். இது 1950-களின் உள்ளரங்கச் சிற்பம். நிறம் பட்டறையில் ஏற்றப்பட்டது. சீர் செய்த வெண்கலம் செப்புப் பொன்னாகப் பளபளக்கும், அதை அப்படியே யாரும் விடுவதில்லை. கந்தகமும் பொட்டாஷும் சேர்ந்த கரைசலைத் தடவினால் பழுப்பிலிருந்து கருப்பு வரை போகும். உலோகத்தைத் தீப்பிழம்பால் 90–120 டிகிரிக்குச் சூடேற்றி இரும்பு நைட்ரேட் தெளித்தால் செம்பழுப்பு. செம்பு நைட்ரேட் என்றால் பச்சை, நீலப்பச்சை. ஒன்றின் மேல் ஒன்று மெல்லிய அடுக்காக ஏற்றுவார்கள். சூடு குறைந்தால் கரைசல் உறையாமல் வழிந்து கோடு விழும், அதிகமானால் தட்டிய உடனே பொரிந்து பொடியாக உதிரும். உள்ளே ஈரக் கரு மிச்சமிருந்தால் சூடேற்றும்போது துளை வழியாக உப்பு வெளியே வந்து வெள்ளைப் பொட்டு வைக்கும். நிறமேற்றிய பிறகு இதைச் சரிசெய்ய அந்தப் பகுதியை மறுபடி மொட்டையாக்க வேண்டியிருக்கும். கடைசியில் சூடாக இருக்கும்போதே மெழுகு.

ஆகவே வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருக்கும் இரண்டு வார்ப்பு நிறத்தில் ஒன்றுபோல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறத்தை மட்டும் வைத்து "இது போலி" என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து பராமரிப்பு. உள்ளரங்கத்தில் வெண்கலத்துக்கு முதல் எதிரி விரல். வியர்வையின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் கிடைத்தால் வெளிர்பச்சைக் களிம்பாகப் பொரியும். துடைத்தால் அடியில் குழி இருக்கும். காற்றின் ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் செயல் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆனால் பொதுக்கூடத்தில் மர வேலைகளும் ஓவியங்களும் இருந்தால் அவ்வளவு உலர்த்த முடியாது. அங்கே மெழுகுப் படலமும் கைபடாத தூரமும்தான் பாதுகாப்பு. இந்தச் சிற்பத்தில் ஆபத்தான இடம் கொம்பும் முன்னே நீளும் கையும். பார்வையாளர் கை தானாகப் போகும் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் அவை. திரும்பத் திரும்பத் தொட்டால் மெழுகு போய், நிறம் போய், செம்பு மினுக்கத் தொடங்கும்.

தூசி தட்ட மென்மையான முடித்தூரிகையும் வாயில் வலை கட்டிய உறிஞ்சியும் போதும். தண்ணீர் வேண்டாம். காய்கள் பலகையில் பொருந்தும் இடுக்கில் தண்ணீர் நின்றால் வெளியே வராது. மெழுகு நுண்படிக வகையாக இருக்கட்டும், தேன்மெழுகு வேண்டாம். அதில் அமிலத்தன்மை உண்டு, தூசியையும் பிடிக்கும். துணியில் மிகக் கொஞ்சம் எடுத்து, மெல்லிதாகத் தடவி, ஆறவிட்டு, மென்துணியால் மெருகேற்றுங்கள். குழிகளில் தேங்கிய மெழுகு வருடங்கள் போனால் வெள்ளையாகும், எர்ன்ஸ்டின் ஒட்டு வரிகளில் அது அசிங்கமாகத் தெரியும். அதனால் இடுக்குகளில் துணியை விட்டுத் தூரிகையால் மெழுகிடுவது நல்லது. பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பாலிஷ், புளி, எலுமிச்சை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தூக்க வேண்டியிருந்தால் நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை வழுக்கும், அதில் ஊறிய வியர்வை உலோகத்தில் படியும். தூக்கும்போது அடிப்பலகையைப் பிடியுங்கள், கொம்பையோ கையையோ ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

---

அகிலன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நான் ஒன்றை மறுக்க வேண்டும். கலைஞன் கொட்டகையில் செய்தது வெள்ளைப் பிளாஸ்டர். 1944 டிசம்பரில் மக்கள் பார்த்ததும் பிளாஸ்டர்தான். வெண்கலம் பத்து வருடம் கழித்து ஒரு சேகரிப்பாளர் ஆதரவில் வந்தது. அப்படியிருக்க "எர்ன்ஸ்டின் வெண்கலம்" என்று சொல்வதே பிழை. வெள்ளை உருவத்தில் நிழல் மென்மையாக விழும், காய்களின் கூம்பும் தட்டும் தனித்தனியாகத் தெரியும். கருத்த வெண்கலத்தில் எல்லாம் ஒரே இருட்டுத் திணிவாகிவிடுகிறது. வெள்ளை, கறுப்பு என்பது சதுரங்கத்தில் சாதாரண விஷயமா? வெள்ளை ராஜாவைக் கறுப்பு ராஜா ஆக்கிவிட்டார்கள்.

---

நிழல்வெளி எழுதியது:

அகிலன், வெள்ளை–கறுப்பு கவனிப்பு நல்லது. ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை.

எர்ன்ஸ்ட் 1954-இல் உயிரோடு, வேலை செய்துகொண்டு இருந்தார். அந்த ஆண்டுதான் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு வாங்கினார். அவர் இறந்தது 1976-இல். ஆகவே இது வாரிசுகள் பின்னால் வார்த்த வகையில் சேராது. 1944-இல் அமெரிக்காவில் போர்க்காலம். செம்பும் வெள்ளீயமும் கட்டுப்பாட்டில் இருந்தன. சிற்பத்துக்கு வெண்கலம் என்பது பணம் இருந்தாலும் சுலபமில்லாத காலம். பிளாஸ்டர் என்பது அந்த நேரத்தில் கைக்கு எட்டிய பொருள். அதிலேயே நிறுத்த வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் பின்னால் வார்க்க இசைந்திருக்க மாட்டார்.

"1944 (வார்ப்பு 1954)" என்ற எழுத்து முறையே இதற்கு நேர்மையான விடை. முதல் எண் வடிவம் தீர்மானமான ஆண்டு, இரண்டாவது இந்த உலோகத் துண்டு பிறந்த ஆண்டு. கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், பொன்னி. ஒன்றை மட்டும் எழுதினால் யாராவது 1944-லேயே வெண்கலம் இருந்ததாகவோ, 1954-இல் எர்ன்ஸ்ட் புதிதாகச் செய்ததாகவோ எடுத்துக்கொள்வார்கள்.

---

வார்ப்புக்காரர் எழுதியது:

அகிலன் சொன்னதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நீண்ட கை பிளாஸ்டரில் உள்ளே கம்பி இல்லாமல் நிற்காது. பிளாஸ்டர் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு தட்டு தட்டினால் தோளில் முறியும். புதுப் பிளாஸ்டரைக் காய்ந்த பிளாஸ்டரோடு ஒட்டும்போது காய்ந்ததை முதலில் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் அது புதுக் கலவையின் நீரை உறிஞ்சி, ஒட்டு பொடியாக நிற்கும். கொட்டகையில் பல துண்டு ஒட்டிச் செய்த உருவத்தில் இப்படிப்பட்ட பலவீனம் பல இடத்தில் இருக்கும். வெண்கலமாக ஆகாவிட்டால் அந்தக் கையின் நீளத்தை நாம் இன்று நம்பிப் பார்க்க முடியாது.

ஒட்டுக் கோடுகளை வெண்கலம் அழிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல வார்ப்பில் சீர் செய்பவர் எதை ராவ வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அச்சுத் துண்டுகள் சந்தித்த கோடு மேடாக, நூல் மாதிரி நேராக ஓடும். அதை எடுக்க வேண்டும். பிளாஸ்டர் ஒட்டில் விரலாலோ கத்தியாலோ தடவிய கோடு அகலம் மாறி மாறி வளைந்து போகும். அது எர்ன்ஸ்டின் வேலை, அரம் படக்கூடாது. மோசமான பட்டறை இரண்டையும் சேர்த்து ராவி வழவழப்பாக்கிவிடும்.

---

பொன்னி எழுதியது:

அப்படியானால் போலியை, அதாவது வெண்கலத்திலிருந்தே அச்சு எடுத்து வார்த்ததை, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிரதிகளின் எண்ணிக்கைக்குச் சட்டம் ஏதாவது உண்டா?

---

வார்ப்புக்காரர் எழுதியது:

முதல் கருவி அளவுகோல். வெண்கலம் உறைந்து ஆறும்போது கிட்டத்தட்ட 1.5 சதவீதம் சுருங்கும், மெழுகும் கொஞ்சம் சுருங்கும். 97.8 செ.மீ. வெண்கலத்திலிருந்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் புதியது ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குட்டையாக வரும். ஆனால் மொத்த உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். அடியில் ஒரு விளிம்பு சேர்த்து உயரத்தைச் சரிக்கட்டிவிடலாம். இரண்டு கொம்பு நுனிக்கு இடையிலுள்ள தூரம், ராணியின் அடி விட்டம், கை விரல் நுனியிலிருந்து தோள் வரை என்று மூன்று நான்கு அளவுகளை விட்டமானியால் எடுத்து, ஒப்புக்கொண்ட வார்ப்போடு ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் மறுவார்ப்பு. ஒன்று மட்டும் மாறினால் அது சேர்ப்பிலோ பழுதுபார்ப்பிலோ வந்த வேறுபாடாக இருக்கலாம்.

இரண்டாவது விவரம். மறுவார்ப்பில் பள்ளங்கள் மழுங்கும், முதல் வார்ப்பின் ராவல் கீறலும் அடைத்த ஆணித் துளையும் சேர்ந்து பதிவாகும். ஆணித்துளை அடைப்பு வெளியே வட்டமாகத் தெரிந்து, உள்ளே திருகு இல்லாமல் சுவர் வெறுமனே இருந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. உட்பக்கத்தை ஒரு விளக்கையும் சிறு கண்ணாடியையும் வைத்துப் பாருங்கள். போலி செய்பவர் உழைப்பு வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

---

கலையரசி எழுதியது:

கலவையையும் பார்க்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, துத்தநாகம் 5 என்ற கலவை மிகச் சாதாரணம். இன்று பரவலாக இருப்பது செம்பு 95, சிலிக்கன் 4, மாங்கனீஸ் 1 என்ற சிலிக்கன் வெண்கலம். ஈயப் புகை இல்லை, பற்றவைக்கவும் சுலபம். 1950-களின் வார்ப்பு என்று காட்டும் ஒன்றில் வெள்ளீயமும் ஈயமும் இல்லாமல் சிலிக்கன் வந்தால் விசாரிக்க வேண்டும். தனிமங்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை நிறத்தின் மேல் வைத்தால் இரும்பும் கந்தகமும் கூடுதலாகக் காட்டும், ஈயமும் மேற்பரப்பில் மிகையாக இருக்கும். அடிப்பக்கத்தில், நிறம் படாத அறுத்த முகத்தில் வைத்து அளக்க வேண்டும். சிலிக்கன் லேசான தனிமம், கையடக்கக் கருவியில் சரியாகப் பிடிபட அதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நேரம் கூட்டி அளக்க வேண்டும்.

சட்டம் என்றால் பிரான்சில் எட்டு எண்ணிட்ட வார்ப்பும் நான்கு கலைஞர் பிரதியும் மட்டுமே அசல் என்ற வரையறை உண்டு. 1981 ஆணைப்படி அதற்கு மேல் செய்வதில் "மறுஉருவாக்கம்" என்று அழியாத முத்திரை வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரே விதி இல்லை. 1974-இல் கல்லூரிக் கலைச் சங்கம் நெறிமுறைகள் வெளியிட்டது, அவ்வளவுதான். எனவே ஒரே கலைஞரின் அமெரிக்க வார்ப்பையும் பிரெஞ்சு வார்ப்பையும் ஒரே எண் முறையில் தேடாதீர்கள்.

---

அகிலன் எழுதியது:

இந்தக் கணக்கு எர்ன்ஸ்டின் "மகரம்" சிற்பத்துக்கும் பொருந்துமா? வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருப்பதற்கு 1948, வார்ப்பு 1975 என்று போட்டிருக்கிறார்கள். இடைவெளி 27 வருடம்.

---

நிழல்வெளி எழுதியது:

அது வேறு நிலைமை. "மகரம்" அரிசோனாவில் செடோனாவில் எர்ன்ஸ்டும் டானிங்கும் கட்டிய வீட்டுக்கு வெளியே, சிமெண்டிலும் பழைய இரும்பிலும் 1948-இல் எழுந்தது. சுமார் 2.4 மீட்டர் உயரம். கொம்புள்ள அரசன், பக்கத்தில் மீன் வாலுள்ள அரசி, அரசன் கைச் செங்கோல் பால் போத்தல்களை அடுக்கி ஊற்றியது. "ராணியோடு ஆடும் ராஜா" வளர்ந்து உட்கார்ந்தால் இப்படித்தான் இருப்பான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் சிமெண்ட் பட்டறைக்குத் தூக்கிப்போகிற மாதிரி இல்லை. அது நின்ற இடத்திலேயே பாகம் பாகமாக அச்சு எடுக்க வேண்டியிருந்தது. பிரான்சுக்குத் திரும்பிய பிறகு எர்ன்ஸ்ட் அந்தப் பாகங்களைச் சேர்த்து, திருத்தி, அதிலிருந்துதான் வெண்கலம் வந்தது. ஆகவே "மகர"த்தில் சிமெண்டுக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் எர்ன்ஸ்டே தொட்ட இன்னொரு கட்டம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகளும் போதாது என்றே சொல்வேன்.

---

சதுரங்கன் எழுதியது:

பொன்னி, நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர் முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். முதலில் குனிந்து, பலகை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் ராணியும் மற்றக் காய்களும் ராஜாவின் மார்பளவுக்கு உயரும், அளவு வேறுபாடு மாறும். பிறகு வளைந்த கையின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போனால் மறைத்த காய் தெரியும். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் எடுப்பதால் இணையத்தில் இந்தக் கோணம் அரிது.

---

கலையரசி எழுதியது:

படம் எடுப்பதாக இருந்தால் பிளாஷ் தவிருங்கள். உலோகத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை, ஆனால் மெழுகுப் பூச்சில் ஒளி அப்படியே திரும்பி வெள்ளைத் திட்டு விழுந்து மேற்பரப்பின் ஒட்டு வரிகள் மறைந்துபோகும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் பக்கத்தில் நின்று, வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுத்தால் வார்ப்புக்காரர் சொன்ன அகலம் மாறும் கோடுகள் படத்தில் வரும்.